சுமைதாங்கிக் கல்லும் இரண்டு மணி நேரமும்

பழைய சாலைகளில் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். புளியமரத்தடியில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் நீளமான ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். கோயிலும் இல்லை, பஸ் ஸ்டாப்பும் இல்லை. தலையில் விறகுக் கட்டோ நெல் மூட்டையோ சுமந்து வருகிறவர், கைகொடுக்க ஆள் தேடாமல் தானே சுமையை அந்தக் கல்லின் மேல் தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு குனியாமலேயே மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். இதற்குச் சுமைதாங்கிக் கல் என்று பெயர். ராணிப்பேட்டைப் பக்கத்தில் சுமைதாங்கி என்று ஒரு ஊரே இருக்கிறது.

அந்தக் காலத்து நெடுஞ்சாலைத் துறை செய்த ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்தால், அது பாதிதான் சரி. வயிற்றுப் பிள்ளையோடு, பெறாமலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இந்தக் கல்லை நடுவது தமிழ்நாட்டில் பல இடங்களில் இருந்த வழக்கம். அவள் சுமையை இறக்கி வைக்காமலேயே போய்விட்டாள். வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் இறக்கி வைக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அவள் சுமை கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை.

நிறைமாதத்தில் திடீர் ஆபத்து வந்தால் அன்று என்ன ஆனது என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி. ஆனால் பிழைத்துக்கொண்ட பெண்களுக்கு யாரும் கல் நடுவதில்லை. அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சரித்திரமும் அவர்களை மறந்துவிடுகிறது. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை உள்ள பகுதியில் அப்படிப் பிழைப்பது எப்போது, எதனால் சாத்தியமானது? கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலில் ஒரு கணக்கு. பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள், சிகிச்சை எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தோராயமாகக் கணித்து வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் ரத்தப்போக்கு என்றால் சுமார் 12 மணி நேரம். பிரசவமான பிறகு என்றால் வெறும் 2 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்துபோனால் ஒரு நாள். வலிப்பு வந்தால் 2 நாள். இவை சராசரிதான். வலிப்பு வந்த அரை மணியில் போனவர்களும் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய ரத்தப்போக்கு எப்படி வருகிறது? நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அல்லது நேரத்துக்கு முன்பே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிய்ந்துகொள்ளலாம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழாய் உடைந்தால் தொட்டி எத்தனை நேரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வலிப்பின் கதை வேறு மாதிரி. அது திருடன் மாதிரி வருகிறது. முதலில் கை, முகம் எல்லாம் வீங்கும். "உப்பு நீர் இறங்கியிருக்கு, மாசமா இருந்தா அப்படித்தான்" என்று பாட்டி சொல்லிவிடுவார். காலில் மட்டும் வீக்கம் என்றால் பாட்டி சொல்வது பெரும்பாலும் சரிதான், அதுதான் வம்பே. பிறகு மண்டையைப் பிளக்கிற தலைவலி. கண் மங்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போலிருக்கும். மேல்வயிற்றில் வலிக்கும். அதை வாயு என்று நினைத்துப் பெருங்காயமோ சோடாவோ கொடுத்துவிடுவார்கள். உண்மையில் ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதம் போய், கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட ஆரம்பித்திருக்கும். கடைசியில் வாயில் நுரை தள்ளி வலிப்பு. மருத்துவத்தில் இதற்கு எக்லாம்ப்சியா என்று பெயர். நம் ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள், பேய் அடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். ஒன்று வேப்பிலைக்கு ஆள் போகும், இல்லாவிட்டால் மருத்துவச்சிக்கு ஆள் போகும்.

மருத்துவச்சியை இங்கே கேலி செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை நல்லபடியாகப் பூமிக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களால் முடியாதது அன்றைக்கு ஐரோப்பிய டாக்டர்களாலும் முடியவில்லை. 1840களில் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் பிணவறையிலிருந்து கை கழுவாமல் வந்து பிரசவம் பார்த்துப் பெண்களைக் காய்ச்சலுக்குப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1847ல் செம்மல்வெய்ஸ் அதைச் சொன்னபோது அவர் மேல்தான் கோபப்பட்டார்கள். பணமும் காப்பாற்றவில்லை. மும்தாஜ் 1631ல் பர்ஹான்பூரில் 14வது பிரசவத்தில் இறந்தார். இங்கிலாந்தின் இளவரசி சார்லட் 1817ல், நாட்டின் பெயர்பெற்ற டாக்டர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இறந்தார். ஒருவருக்குத் தாஜ்மஹால், இன்னொருவருக்குப் புளியமரத்தடியில் மூன்று கல். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தில் இதைப் பற்றி எழுதினால் திண்டிவனத்தைத் தாண்டிப் போக முடியாது. செங்கல்பட்டிலிருந்து தெற்கே அதே சாலையில் 65 கிலோமீட்டர் போல வரும். 1890களின் தொடக்கத்தில் அங்கே ஜான் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா, 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். மிஷனரி வேலை, டாக்டர் வேலை இரண்டுமே வேண்டாம், அமெரிக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

ஒரு ராத்திரி ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர் திரும்பிவிட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார், அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதாக இன்னொருவர். விடிந்து விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போனார், ஆனால் டாக்டருக்குப் படிக்க. 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1900ல் வேலூருக்கு வந்தார். 1902ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

இந்தக் கதையைப் பலரும் பலமுறை சொல்லிவிட்டார்கள். பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பெண்கள் இறந்தார்கள் என்று முடித்துவிடுவார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மையா? அன்று ராத்திரி ஐடா டாக்டராகவே இருந்து போயிருந்தாலும் கையில் என்ன இருந்திருக்கும்? குழந்தை குறுக்கே கிடந்திருந்தால் திருப்பிப் பார்க்கலாம், தலை சிக்கியிருந்தால் ஆயுதம் போட்டு எடுக்கலாம். நஞ்சுக்கொடி பிய்ந்து ரத்தம் கொட்டியிருந்தால்? ரத்தத்தில் வகைகள் இருக்கின்றன என்று லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்ததே 1901 வாக்கில்தான். வலிப்பு என்றால் அப்போது உலகத்தில் எங்குமே உருப்படியான மருந்து இல்லை. ஆக, கதவைத் திறந்து உள்ளே விடுவது முதல் படி. அதற்குப் பிறகும் பல படிகள் பாக்கி இருந்தன.

அந்த முதல் படியில் ஐடாவுக்கு முன்னாலேயே ஏறியவர் ஒருவர் உண்டு. மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஒரு ஆங்கிலேயரின் மனைவி. கோஷா முறையால் டாக்டரிடம் போக முடியாத பெண்கள் படும் பாட்டைக் கேட்டுக் கேட்டு, 1875ல் இன்னும் மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது உலகத்தில் பல இடங்களில் நினைத்துப் பார்க்கவே முடியாத காலம் அது. பிறகு லண்டனிலும் படித்துத் திரும்பி வந்து, 1885ல் கோஷாப் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, 1844லேயே, சென்னையில் பிரசவத்துக்கென்று ஒரு அரசு மருத்துவமனை வந்துவிட்டது. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். பின்னாளில் அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக வந்தவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் மருத்துவ மாணவர்களுக்கு 'முதலியார்' என்றால் அது ஆள் இல்லை, புத்தகம்! 1938ல் வெளிவந்த அவருடைய மகப்பேறு மருத்துவப் பாடநூல் திருத்தித் திருத்தி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் அவர் பெயரோடு இன்னொரு பெயரும் அட்டையில் இருக்கும்: கிருஷ்ண மேனன். ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன் இல்லை, இவர் எம்.கே. கிருஷ்ண மேனன், எழும்பூர் டாக்டர்.

வலிப்பின் சரித்திரத்தில் சென்னைக்கு ஒரு இடம் கிடைத்தது இவரால்தான். அதுவரை உலகமெங்கும் நடந்த வைத்தியத்தைப் பாருங்கள். ரத்தத்தைக் கத்தியால் கீறி வெளியேற்றினார்கள். பிறகு ரஷ்யாவின் ஸ்ட்ரோகனாஃப், நோயாளியை இருட்டறையில் சத்தமே இல்லாமல் படுக்கவைத்து மார்ஃபினும் குளோரலும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வெளிச்சமோ சத்தமோ பட்டால் அடுத்த வலிப்பு வந்துவிடும் என்ற பயம். நம் ஊர் பிரசவ வார்டுகளிலும் ஒரு மூலையில் திரை போட்ட இருட்டறை ரொம்ப காலம் இருந்தது.

1950களின் தொடக்கத்தில் பிரான்சில் லாபோரி என்ற ராணுவ அறுவை மருத்துவர், குளோர்ப்ரோமசின் முதலான சில மருந்துகளைக் கலந்து கொடுத்து, அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களின் உடம்பைக் கிட்டத்தட்ட உறங்கும் நிலைக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டினார். கிருஷ்ண மேனன் எழும்பூரில் இந்த யோசனையை வலிப்புக்குப் பயன்படுத்தினார். குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின், பெத்திடின் மூன்றும் சேர்ந்த கலவை. 1961ல் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. இந்தியா முழுக்க வார்டுகளில் 'மேனன் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது, பல வருடங்கள் அதுதான் வழக்கமான சிகிச்சை. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும் என்கிற மாதிரியான முறை. எத்தனை பெண்கள் அந்தத் தூக்கத்திலிருந்து விழித்து எழுந்து வீட்டுக்குப் போனார்களோ!

இதில் ஒரு வேடிக்கை. இதைவிட நல்ல மருந்து அப்போதே இருந்தது. மெக்னீசியம் சல்பேட். பேதிக்குக் கொடுக்கிறார்களே, அதே எப்சம் உப்பு. அமெரிக்காவில் 1920களிலிருந்தே அதை வலிப்புக்கு ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் நம்பவில்லை, அவர்கள் டயசிபாம் பக்கம் போனார்கள். நாம் இங்கிலாந்தின் பாடப்புத்தகம் படித்தவர்கள், போதாததற்கு மேனன் முறையும் இருந்தது. எது சிறந்தது என்று யாரும் சரியாக ஒப்பிட்டுப் பார்க்காமலேயே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. கடைசியில் 1995ல், இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. டயசிபாம் கொடுத்தவர்களைவிட மெக்னீசியம் கொடுத்தவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது பாதிக்கும் மேல் குறைந்தது. ஃபெனிட்டாயினோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு குறைவு. மேனனின் கலவையோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் உப்புதான் ஜெயித்தது. 2002ல் 10,000க்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்ட மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அது வரும் வாய்ப்பே பாதியாகிறது என்று காட்டியது. எழும்பூருக்கு இதில் அவமானம் ஒன்றுமில்லை. கையில் கிடைத்ததை வைத்து உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். ஆனால் சல்லிசான ஒரு உப்பு நம் கிராமத்துக்கு வந்து சேர இத்தனை காலம் ஆனதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, மருந்து எழும்பூரில் இருக்கிறது. பெண் எங்கே இருக்கிறாள்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு என்ற மீனவர் குப்பம் இருக்கிறது. அங்கே 1950ல் நிறைமாதப் பெண் ஒருத்திக்கு நடுராத்திரியில் ரத்தம் போக ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கரை ஒரு நீளமான மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். 1876-78 பஞ்சத்தில் கூலிக்குப் பதிலாகக் கஞ்சியும் காசும் கொடுத்து வெட்டிய பகுதிகளும் அதில் உண்டு. அப்போதிருந்த கவர்னரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்க வந்த துரைமார்கள் ராத்திரி படகில் ஏறிப் படுத்தால் காலையில் வந்து இறங்குவார்கள் என்று பழைய பயணக் குறிப்புகளில் ரசித்து எழுதியிருப்பார்கள். நிலா வெளிச்சம், தண்ணீரின் சலசலப்பு எல்லாம் இருக்கும். ரத்தம் போகிற பெண்ணுக்கு அந்தப் படகு எதற்கு ஆகும்? கால்வாயைக் கடந்து, மாட்டுவண்டியில் திருக்கழுக்குன்றம், அங்கிருந்து செங்கல்பட்டு, மொத்தம் 30 கிலோமீட்டர். செங்கல்பட்டில் ரயில் உண்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் ரயிலுக்கு அதன் நேரம், ரத்தப்போக்குக்கு அதன் நேரம்! 12 மணி நேரக் கணக்கு மாட்டுவண்டியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்சமிருந்தாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் ரத்தம் ஏற்ற வசதி இருக்க வேண்டும்.

1965ல் செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய மாற்றம். எழும்பூர்வரை ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கல்லூரி வந்ததால் மட்டும் குப்பத்துப் பெண் பிழைத்துவிடவில்லை. 1994ல் தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அழகாக மூன்று தாமதங்கள் என்று பிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம், போய்ச் சேர ஆகும் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம். நம் ஊரில் முதல் தாமதம் என்றால் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருப்பார், மாமியார் விடியட்டும் என்பார், கையில் காசு இருக்காது. மூன்றாவது தாமதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரிக்கு வந்தாகிவிட்டது, டாக்டரும் இருக்கிறார், மயக்க மருந்து கொடுப்பவர் காலையில்தான் வருவார்!

தமிழ்நாடு இந்த மூன்றிலும் கை வைத்தது, அதுவும் ஒரே நாளில் இல்லை. 1990களின் நடுவிலிருந்து பேறுகால மரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். இறந்தவர் வீட்டுக்கே போய், எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்கு வண்டி கிடைத்தது, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். யார் மேல் தப்பு என்று பிடிப்பதற்காக இல்லாமல், எங்கே ஓட்டை என்று பார்ப்பதற்காக. பார்த்தால், பல பெண்கள் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் வழியில் இறந்திருந்தார்கள். "இங்கே வசதி இல்லை, அங்கே போங்கள்" என்ற ஒரு வரிச் சீட்டோடு.

அதற்குப் பிறகு நடந்தவை எதுவும் தலைப்புச் செய்தி ஆகக்கூடியவை இல்லை. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தது, மெக்னீசியம் ஊசி அதில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் விளக்கு எரிய வைத்தார்கள். 2000களின் நடுவில், இரவு பகல் எந்நேரமும் அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் வந்தன. மயக்க மருந்து நிபுணர் இல்லாத இடத்தில் வெளியிலிருந்து தனியார் டாக்டரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தார்கள், எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் சமாளித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி 2002ல் சுங்கச் சாலை ஆனது. பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் ரிசார்ட்டுக்கும் போட்ட சாலை என்று திட்டியவர்கள் உண்டு, விபத்துக்கும் பேர் போன சாலைதான், ஆனால் குப்பத்துக்கும் அதே சாலைதான். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது.

இப்போது அதே கொக்கிலமேட்டில், அதே நடுராத்திரியில் இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இந்த முறை வலிப்பு. தலைவலி என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் கிராம சுகாதார செவிலியர் பிரஷர் பார்த்து, 140க்கு 90 இருக்கிறது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்று அட்டையில் சிவப்பில் எழுதியிருந்தார். போகவில்லை (முதல் தாமதம் இன்னும் சாகவில்லை). பக்கத்து வீட்டுப் பையன் 108க்குப் போன் செய்கிறான். வண்டியில் அவளை இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்கிறார்கள். வாய்க்குள் சாவியோ கரண்டியோ திணிக்காமல், நுரையைத் துடைத்து, மூச்சுக்கு வழி செய்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். முதலில் நிற்கும் சுகாதார நிலையத்தில் மெக்னீசியத்தின் முதல் டோஸ் போடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் முறைப்படி 4 கிராம் நரம்பில் மெதுவாக, மீதி 10 கிராம் பின்பக்கம் இரண்டு பக்கமும் 5, 5 ஆக. போட்டுவிட்டு அங்கேயே வைத்துக்கொள்வதில்லை. வண்டி செங்கல்பட்டுக்குக் கிளம்புகிறது, அது போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே தகவல் போய்விடுகிறது.

செங்கல்பட்டில் நர்ஸ் ஒரு சின்ன சுத்தியலை வைத்து அவள் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். கால் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் மெக்னீசியம் உடம்பில் அதிகமாகிவிட்டது, அடுத்தபடி மூச்சு நிற்கும் என்று அர்த்தம். நிமிடத்துக்கு மூச்சு எத்தனை, மணிக்குச் சிறுநீர் எத்தனை மில்லி, எல்லாவற்றையும் ராத்திரி முழுக்க எழுதுகிறார். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டிலேயே தயாராக இருக்கிறது. மேனன் காலத்தில் போலவே, இன்றும் பக்கத்தில் ஒரு ஆள் கண் விழித்து உட்கார்ந்தால்தான் இந்த மருந்து வேலை செய்யும். பிரஷரைக் குறைத்து, நிலைமை கொஞ்சம் கட்டுக்குள் வந்ததும் குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். இந்த நோய்க்குக் கடைசி வைத்தியம் அதுதான், நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு நாள் முழுக்க மெக்னீசியம் ஓடும், பிரசவமான பிறகும் வலிப்பு வரலாம் என்பதால்.

எண்களாகவும் சொல்லலாம். 2001-03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள், இந்தியாவில் 301. 2018-20ல் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், அதே வருடங்களில் கேரளாவில் 19. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியிருந்தும் 54 என்றால், மிச்சமிருக்கும் மரணங்கள் வீட்டிலோ மாட்டுவண்டியிலோ நடப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளும், ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலும்தான் நடக்கின்றன. மூன்றாவது தாமதம் என்று மேலே சொன்னதுதான்.

பிழைத்தவள் வீட்டுக்குப் போனதோடு கதை முடிவதும் இல்லை. இப்படி வலிப்பு வந்து மீண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று இப்போது தெரிந்திருக்கிறது. அடுத்த முறை கர்ப்பம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும், டாக்டர் சின்ன அளவில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பார். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுக்குள் போய்விடும், குழந்தைக்குத் தடுப்பூசி போட மறக்காத வீடு அம்மாவின் பிரஷரைப் பார்க்க மறந்துவிடும்.

பல காலம் இறந்தவர்களைப் பற்றி மட்டுமே விசாரணை நடந்தது. கணவரையோ மாமியாரையோ உட்காரவைத்துக் கேட்டு எழுதுவார்கள், தெரிந்ததைச் சொல்வார்கள், தெரியாதது அவளோடு போய்விட்டிருக்கும். 2009ல் உலக சுகாதார நிறுவனம், மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பிய பெண்களையும் கணக்கெடுக்க ஒரு வரையறை கொடுத்தது. இந்திய அரசு 2014 டிசம்பரில் அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, பிழைத்து எழுந்த பெண்ணிடமே உட்கார்ந்து கேட்கலாம். முதலில் எப்போது தலை வலித்தது, யாரிடம் சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள், வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது, ஆஸ்பத்திரி வாசலில் யார் முதலில் வந்து பார்த்தார்கள்.